நாலூர் விலக்கின் மஞ்சக்குச்சிகள்

நாலூர் விலக்கு ஒரு ஊர் கிடையாது. நாலு ஊருக்குப் போகிற சின்ன ரோடு நாலுவழிச் சாலையில் வந்து முட்டுகிற இடம், அவ்வளவுதான். பஸ் நிற்கும், ஆள் இறங்கும், ஆள் ஏறும். இறங்கினவனுக்கு டீ வேண்டியிருந்தது, ஏறப்போகிறவனுக்கு வண்டியை விட்டுவிட்டுப் போக நிழல் வேண்டியிருந்தது, வண்டிக்குக் காற்று வேண்டியிருந்தது, நாலு ஊர்ப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்துவைக்க ஒரு மண்டபம் வேண்டியிருந்தது, என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஓட்டுக் கேட்கிற ஜீப் நிற்கிற அளவுக்கு ஜனம் சேர்ந்துபோயிற்று. அப்படிச் சேர்ந்த ஜனத்தில் பாதிப் பேர் தலைக்கு மேலே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மஞ்சக்குச்சி நின்றது.

குச்சி என்றால் ஒரு சாண் உயரக் குச்சி. மேலே தடித்து, கீழே வரவர மெலிந்து, அதற்கும் கீழே தனியாக ஒரு பொட்டு. பழுத்த எலுமிச்சை நிறம். உச்சந்தலைக்கு நாலு விரல் தள்ளி அந்தரத்தில் நின்றது. ஆள் நடந்தால் கூட நடந்தது, ஆள் குனிந்தால் கூடக் குனிந்தது, கையை வீசித் தட்டினால் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அது ஏன் வந்தது, யார் அனுப்பியது என்று அன்றைக்கே நிறையப் பேர் கேட்டார்கள், அதைவிட நிறையப் பேர் பதில் சொன்னார்கள், ஒரு பதிலும் இன்னொரு பதிலோடு ஒத்துப்போகவில்லை, ஆகையால் நாம் அந்தப் பக்கமே போக வேண்டாம். வந்தது வந்துவிட்டது. வந்ததை வைத்துக்கொண்டு விலக்கு எப்படிப் பிழைத்தது என்பதுதான் விஷயம்.

பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று தெரிந்தது ஒருத்திக்குத்தான். பஸ் ஸ்டாப்பை ஒட்டித் தகரக் கூரை போட்ட வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கிற தெய்வக்கனிக்கு. ஐம்பதை எட்டப்போகிற வயசு, புருசன் செத்து வெகுகாலம், ஒரே மகள் இந்துமதி கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். காலையில் வண்டியை வாங்கி டோக்கன் கொடுத்தால் சாயங்காலம் டோக்கனை வாங்கி வண்டியைக் கொடுக்க வேண்டும். நடுவே கிடக்கிற நீளப் பகலை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தவித்ததைப் பார்த்துவிட்டு, மகள் மறுவீடு வந்தபோது போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். காசு கட்ட வேண்டாத விளையாட்டு. அதன் இங்கிலீஷ் பேர் தெய்வக்கனி வாயில் நுழையவில்லை. அவளுக்கு அது கோட்டை. பகலில் யாராவது கூப்பிட்டு அவள் நிமிரவில்லை என்றால், "அக்கா கோட்டைக்குப் போயிருக்கு" என்பார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள்.

கோட்டைக்குள் அவள் வெள்ளிக் கவசம் போட்ட வில்லாளி. பேர் கனியக்கா. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் முகம் தெரியாத ஆட்கள் அதே நேரத்தில் அதே கோட்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பார்கள், சிலர் கொம்போடு, சிலர் இறக்கையோடு. காசு கட்டினவனுக்குப் பறக்கிற குதிரை, கட்டாதவனுக்கு நடராஜா சர்வீஸ். தெய்வக்கனி நடந்தாள். மலை தாண்டி, சதுப்பு தாண்டி, பேசுகிற மரங்கள் நிற்கும் காடு தாண்டி நடந்து, எங்கெல்லாம் தலைக்கு மேலே மஞ்சக்குச்சியோடு ஒரு ஆள் நிற்கிறானோ அங்கெல்லாம் போய், முன்னால் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒருவனுக்கு ஓநாய்த் தோல், ஒருத்திக்குக் காட்டுக் காளான், ஒரு ராஜகுமாரிக்கு ராட்சசப் பல்லி விழுங்கிய மோதிரம். தேடிக் கொண்டுவந்து கொடுத்தால் குச்சி மறையும். குச்சி நிற்கிற ஆள் ஒருபோதும் வந்து கூப்பிட மாட்டான், நின்ற இடத்தைவிட்டு ஒரு எட்டு நகர மாட்டான். தேவை அவனுடையதுதான் என்றாலும் போய்க் கேட்க வேண்டியது நாம்தான். அது கோட்டையின் வழக்கம், அதில் தெய்வக்கனிக்கு ஒருநாளும் ஒரு குறை தோன்றியதில்லை.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, பக்கத்து டீக்கடை மாஸ்டர் மலையாண்டி பாய்லருக்குப் பின்னால் மஞ்சக்குச்சியோடு நின்றதைப் பார்த்ததும், மற்றவர்கள் மாதிரி அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை, போனில் படம் பிடிக்கவும் இல்லை. நேரே போய் முன்னால் நின்றாள்.

"என்ன வேணும்ண்ணே?"

"நானில்ல அதைக் கேக்கணும்? டீயா, காப்பியா?"

"அதில்லண்ணே. உங்களுக்கு என்ன வேணும்? யாருகிட்டயும் கேக்காம உள்ளுக்குள்ள வச்சிருக்கீங்கள்ல, அதைச் சொல்லுங்க."

மலையாண்டி வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பால் பொங்கி வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நெனவு தெரிஞ்சதுலருந்து ஊருக்கே டீ போடுறேன் தாயி," என்றார். "எனக்குன்னு ஒருத்தர் போட்டுக் குடுத்து நான் குடிச்சதே இல்ல."

தெய்வக்கனி பாய்லருக்குப் பின்னால் போய் ஒரு டீ போட்டாள். பால் கூடிப்போயிற்று, சீனி கரையவில்லை, ஆற்றும்போது பாதி தரையில் ஊற்றிக்கொண்டது. மலையாண்டி வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அதைச் சொட்டு விடாமல் குடித்தார். கிளாசைக் கீழே வைத்தபோது அவர் தலைக்கு மேலே குச்சி இல்லை. "டீயா இது, கழனித்தண்ணி," என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அதற்குப் பிறகு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் விலக்கில் குச்சி பார்த்து என்ன வேண்டும் என்று கேட்பது, முகம் பார்த்துச் சௌக்கியம் கேட்பது மாதிரி ஆகிவிட்டது. பஞ்சர் கடைக்காரனுக்குத் தன் பேரைக் கடை போர்டில் எழுதிப் பார்க்க ஆசை இருந்தது தெரியவந்தது. ரீசார்ஜ் கடைப் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் தலைக்கு ஒரு குச்சி நின்று, இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டதில் இருவருக்கும் வேண்டியிருந்தது மத்தியானம் கொஞ்ச நேரம் தனியாகத் தூங்குவதுதான் என்று தெரிந்து, ஒரு நாள் அவன் ஒரு நாள் அவள் என்று பேசி முடித்தார்கள். கல்யாண மண்டபத்தில் பரிமாறுகிறவர்கள் பந்தியின் கோடியில் நின்று தலைகளை ஒரு நோட்டம் விட்டு, இரண்டாம் அப்பளம் கேட்கக் கூச்சப்பட்டவன் இலையில் கேட்காமலே அப்பளம் வைத்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை தலையில் குச்சி நிற்க, பெண்ணின் சித்தி நேரடியாகவே, "என்ன தம்பி வேணும், இப்பவே சொல்லிருங்க," என்று கேட்டு, அவனும் தனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லி, இரு வீட்டாரும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்தார்கள்.

மறைக்கப் பார்த்தவர்களும் உண்டு. பொம்பிளைகள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டால் குச்சி முந்தானைக்கு மேலே நின்றது. ஆம்பிளைகள் ஹெல்மெட் போட்டால் ஹெல்மெட்டுக்கு மேலே நின்றது. ஆனாலும் ஒரு நப்பாசையில் எல்லாரும் ஹெல்மெட் போட்டே பழகிவிட, போலீஸ்காரர்கள் விலக்கில் நின்று பிரயோஜனமில்லை என்று வேறு ரோட்டுக்குப் போய்விட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளர் தலைக்கு மேலே ஒன்றுமே இல்லாதிருந்ததைப் பார்த்து ஜனம் பயந்துபோனது. கேட்க நினைக்கிறதை எல்லாம் கூசாமல் கேட்டுவிடுகிற ஆளுக்குக் குச்சி நிற்காது என்று மலையாண்டிதான் விளக்கினார்.

மேற்கே ரோட்டோரம் அரிவாளோடு நிற்கிற கருப்பசாமி சிலைக்கும் குச்சி நின்றது. கிடா வெட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. சுருட்டு வைத்தார்கள், சாராயம் வைத்தார்கள், புது வேட்டி கட்டினார்கள், அசையவில்லை. கடைசியில் யோசனை ஓய்ந்துபோய், போகிற வருகிற லாரிக்காரர்கள் எல்லாம் சிலைக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கி, "என்னய்யா வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். அந்த வளைவில் அதற்குப் பிறகு ஒரு வண்டியும் கவிழவில்லை. சாமிக்கு வேண்டியது அதுதானோ என்னவோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

ஒரே ஒரு சங்கடம்தான். தன் தலையில் நிற்பது தனக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரியாது, போன் படத்தில் தெரியாது. அடுத்தவன் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

இப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். தெய்வக்கனி அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, ஆனாலும் நாம் பார்த்தாக வேண்டும். வண்டி ஸ்டாண்டுக்கு நேர் எதிரே, நாலு வழிக்கும் நடுவில் அரளிச் செடிக்கும் அந்தப்புறம், பந்தல் சாமான், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிற குடோன் ஒன்று இருக்கிறது. வாசலில் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்திருப்பவன் தவசிராஜ். தெய்வக்கனியின் கூடப்பிறந்த தம்பி. முதல் நாளிலிருந்தே அவன் தலைக்கு மேலே குச்சி நின்றது. விலக்கில் அத்தனை பேரும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். "ஒண்ணும் வேண்டாம்ப்பா," என்பதற்கு மேல் ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை, குச்சியும் போகவில்லை.

அக்காளும் தம்பியும் பேசி ஏழெட்டு வருசம் இருக்கும். அதற்கு முன்னால் அப்படி இல்லை. புருசன் செத்தபோது கைக்குழந்தையோடு நின்ற அக்காளுக்கு இந்த ஸ்டாண்டைப் பிடித்துக் கொடுத்து, ஆள் வைத்தால் சரியாக வராது என்று தானே மேலே ஏறித் தகரம் அடித்தவன் அவன். இந்துமதியைத் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன். அந்த இந்துமதியின் கல்யாணத்தில்தான் வினை வந்தது.

தாய்மாமன் சீர் கொண்டுவந்தால் தானாக மண்டபத்துக்குள் நுழைந்துவிட மாட்டான். தட்டுகளோடு ரோட்டில் நிற்பான். கல்யாண வீட்டார் மேளதாளத்தோடு போய் எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். அழைக்காமல் உள்ளே போனவன் சாப்பாட்டுக்கு வந்தவன் என்று ஆகிவிடும். தவசி குத்துவிளக்கு, வெண்கலப் பானை, பட்டுச்சேலை, பழத்தட்டுகள் என்று ஒன்று குறையாமல் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் நின்றான். வெயில் ஏறியது. தட்டைச் சுமந்த பெண்களுக்குத் தலை சுட்டது. யாரும் வரவில்லை. மண்டபத்துக்குள்ளோ தெய்வக்கனி மணவறை ஓரத்தில் நின்று வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனாள். தம்பி வரவில்லை. முகூர்த்தம் தப்பப்போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார், கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. தன்னை அழைக்க வர வேண்டிய மேளம் தான் இல்லாமலே தாலிக்குக் கொட்டுவதை ரோட்டில் நின்று கேட்ட தவசி, தட்டுகளை டெம்போவில் திரும்ப ஏற்றினான். இனி அவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். அது காதுக்கு வந்ததும், மண்டபத்துக்கு வாசல் இல்லையா, அவனுக்குக் கால் இல்லையா என்று இவள் கேட்டாள். அவ்வளவுதான், முடிந்தது. அன்றிலிருந்து அவன் கிழக்கே பார்த்து உட்கார, இவள் மேற்கே பார்த்து உட்கார, நடுவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அது உனக்காக நிக்கிற குச்சி தாயி," என்றார் மலையாண்டி ஒருநாள், எதிர்ப்பக்கம் மோவாயைக் காட்டி. "ஊரே கேட்டும் போகலேன்னா வேற யாருக்கு?"

"வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான. நானா வேண்டாம்னேன்?"

"உன் தலையிலயும் ஒண்ணு நிக்குது."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ண்ணே."

"அவனும் இதேதான் சொன்னான். ஒரு எழுத்து மாறல," என்று மலையாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் கோட்டைக்குப் போய்விட்டாள். அங்கே பனிமலை அடிவாரத்தில் ஒரு குருட்டுக் கொல்லனுக்குக் கரி வேண்டியிருந்தது. ஆனால் அன்று முழுக்க அவளுக்கு அம்பு ஒன்றும் குறியில் விழவில்லை. தம்பி மெலிந்துபோயிருந்தான். தூரத்திலிருந்தே கழுத்தெலும்பு தெரிந்தது. பார்ப்பதில்லை பார்ப்பதில்லை என்றிருந்தவளைக் குச்சி பார்க்கவைத்துவிட்டது, பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்கு அவன் வேண்டும். வேறெதுவும் வேண்டாம், அவன் ஒரு நாள் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். ஆனால் அவனாக வர வேண்டும். மூத்தவள் போய் நிற்பதாவது.

ஆடி பிறந்தபோது கோட்டையிலிருந்து ஒரு சேதி வந்தது. விளையாட்டைத் திறந்ததும் திரை முழுக்க நின்றது. அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பி, போன் போட்டு வாசிக்கச் சொன்னாள். காசு கட்டாமல் ஆடுகிறவர்களே கூடிப்போனதால் கட்டுப்படியாகவில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதோடு கோட்டையை மூடுகிறார்களாம், இதுவரை விளையாடினவர்களுக்கு நன்றியாம்.

தெய்வக்கனி மலையாண்டியிடம் சொன்னாள். மலையாண்டி டீ குடித்தவர்களிடம் சொன்னார். கோட்டை மூடினால் குச்சியும் போகும் என்று விலக்கு தானாக முடிவு கட்டியது. அப்போதுதான் ஜனத்துக்குப் பதற்றம் பிடித்தது. தண்ணி நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி, மிச்சமிருந்த குச்சிகளைத் தேடித் தேடி ஓடினார்கள். மருமகள் மாமியாரைக் கேட்டாள். கண்டக்டர் பயணிகளைக் கேட்டார். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள்களை ஆட்கள் பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள், கேட்டதில் சிலது நடந்தது, சிலது நடக்கவில்லை, நடக்காதவர்களுக்கும் கேட்டதே போதும் என்று குச்சி தணிந்துபோயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை. கருப்பசாமியை விட்டால், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி, நேருக்கு நேர்.

ஞாயிற்றுக்கிழமை விலக்கில் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஆடியில் கல்யாணம் ஏது, மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஆட்கள் டீக்கடையில் நிறைந்து, ஒரு டீயை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து, தெய்வக்கனியைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். இந்துமதி போனில் கூப்பிட்டாள்.

"நிக்குதாம்மா மாமாவுக்கு?"

"நிக்குது."

"கேம்ல ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் ஓநாய் வெட்டிக் குடுப்ப. ரோட்டைத் தாண்டி மாமாகிட்ட போகமாட்ட?"

"அவன் வரட்டும்டி."

"எனக்குத்தாம்மா மாமா இல்லாமத் தாலி ஏறுச்சு. நான் யார்கூடயாச்சும் சண்டை போட்டேனா?" என்றாள் மகள். போனை வைத்துவிட்டாள்.

தெய்வக்கனி கடைசியாக ஒருதரம் கோட்டைக்குப் போனாள். பறக்கிற குதிரைக்காரர்களும் கொம்புக்காரர்களும் பெரிய மைதானத்தில் கூடி வாணவேடிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கே போகவில்லை. முதன்முதலில் நுழைந்த சின்ன வாசலுக்கு நடந்தாள். அங்கே ஒரு காவல்காரக் கிழவன் நிற்பான். எல்லாரும் தொடங்குவது அவனிடம்தான். தாகமாயிருக்கிறது, ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவா என்பான். அத்தனை கூட்டமும் அவனைத் தாண்டிப் போய் ராஜாவாகி, மந்திரவாதியாகி, அவனை மறந்துவிட்டது. அவன் குச்சியோடு அதே இடத்தில் நின்றான். தெய்வக்கனி முன்னால் போய் நின்றாள். அவன் அதே தாகத்தைச் சொன்னான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீ வருவாய் என்று தெரியும்," என்றான், எல்லாரிடமும் சொல்கிற மாதிரியே.

இத்தனை வருசத்தில் இவன் ஒரு எட்டு எடுத்துவைத்ததில்லை. அதை ஒருநாளும் அவள் திமிர் என்று நினைத்ததில்லை. நிற்கவைத்த இடத்தில் நிற்கிறான் பாவம், நாம்தானே போகணும் என்றுதான் நினைத்தாள். போனை அணைக்காமல் கையில் பிடித்தபடி எழுந்து, ஸ்டாண்டின் குறுக்கே சங்கிலியைப் போட்டுவிட்டு ரோட்டில் இறங்கினாள். டீக்கடையில் எல்லாரும் கிளாசைக் கீழே வைத்தார்கள்.

இரண்டு வழி தாண்டி, அரளிச் செடிகளுக்கு நடுவில் புகுந்து, இன்னும் இரண்டு வழி தாண்டி, அண்டாவுக்கு முன்னால் போய் நின்றாள். தவசி எழுந்திருக்கவில்லை. அவன் அவள் தலைக்கு மேலே பார்த்தான், அவள் அவன் தலைக்கு மேலே பார்த்தாள். கோட்டையில் குச்சிக்காரனும் குச்சிக்காரனும் எதிரெதிரே நின்றால் காலம் முடிகிறவரை பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"என்னடா வேணும் உனக்கு?" என்றாள்.

தவசி உட்கார்ந்தபடியே கேட்டான்: "கேக்க வந்தியா, கூப்பிட வந்தியா?"

"கேக்க வந்தேன். நீ சொன்னாக் கூப்பிடுறேன்."

அவன் எழுந்து குடோனுக்குள் போனான். சேர் அடுக்குகளுக்கும் கொப்பரைகளுக்கும் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். குத்துவிளக்கு. வெண்கலப் பானை. தாளில் சுற்றிய பட்டுச்சேலை. மூன்று தாம்பாளம் நிறையப் பழம். ஊருக்கெல்லாம் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன் இதை மட்டும் ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை.

"பழம் எப்படிடா புதுசா இருக்கு?"

"இந்துமதி கல்யாண நாளுக்கு வருசா வருசம் வாங்கி அடுக்குவேன். ரெண்டு நாள் பாத்துட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்துருவேன். இந்த வருசம் கேம் மூடுதுன்னு சொன்னாங்கள்ல, நேத்தே வாங்கிட்டேன்," என்றான். பிறகு, "அன்னைக்கு மேளத்தை அனுப்புனா என்னக்கா உனக்கு? வெயில்ல நின்னேனே."

"மேளக்காரங்க காலைலருந்து ஒண்ணும் சாப்பிடலடா. பசியோட ஊதுறாங்களேன்னு நான்தான் பந்திக்கு அனுப்புனேன். அவங்க கைகழுவி வந்ததும் ஐயரு அவசரப்படுத்தி நேரா கெட்டிமேளத்துக்கு நிறுத்திட்டாரு. நீ உள்ள வந்துருவேன்னு நெனச்சேன். வேற யாரோன்னா நெனச்சேன் உன்னய?"

"நீயா அனுப்புன?"

"நான்தான்."

"யாரும் சொல்லலியே," என்றான் தவசி. தாம்பாளத்தில் சரிந்திருந்த ஒரு பழத்தை எடுத்து நேராக வைத்தான். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"சரி வா," என்றாள்.

"மேளம்?"

"ஏண்டா, இம்புட்டுக்குப் பொறவும் மேளமா?"

"மேளம் இல்லாம வரமாட்டேன்க்கா. வந்தா அன்னைக்கே வந்துருப்பேன்."

இப்படி ஒரு பிடிவாதக்காரனை என்ன செய்வது? மேளக்காரர்கள் பூராவும் அம்மன் கோயில் திருவிழாக்களுக்குப் போயிருந்தார்கள். பொழுது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தெய்வக்கனி கையிலிருந்த போனைப் பார்த்தாள். கோட்டையின் பெரிய கதவு திறக்கும்போது கொம்பும் முரசும் முழங்கும். திரைக்குள் வெள்ளிக் கவசத்தோடு ஓடிப்போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கொம்பு ஊதியது. தவசி கேட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்ல," என்றான்.

அக்காள் முன்னால் போக, தம்பி குத்துவிளக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் போனான். அதற்குள் ஓடிவந்த மலையாண்டி பானையைத் தூக்கினார், குடோனில் பாத்திரம் விளக்குகிற பெண்கள் தாம்பாளங்களைத் தலையில் ஏற்றினார்கள். வேட்டியை மடித்துக் கட்டின பஞ்சர் கடைக்காரன் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து லாரிகளை நிறுத்தினான். ஊர்வலம் இரண்டு வழியைத் தாண்டி அரளிச் செடிகளுக்கு நடுவே வந்தபோது கொம்பு பாதியில் அறுந்தது. போன் திரை கறுத்துப்போயிற்று. கோட்டை மூடிவிட்டது.

தவசி நின்றுவிட்டான். தெய்வக்கனி திரும்பிப் பார்த்தாள். அவன் தலைக்கு மேலே ஆகாசம்தான் இருந்தது. கோட்டை மூடியதால் போனதா, கேட்டுவிட்டதால் போனதா என்று விலக்கில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

"நின்னுபோச்சுக்கா," என்றான். காலை எடுத்துவைக்கவில்லை. நடு ரோட்டில், உச்சி வெயிலில், சீர்த்தட்டுகளோடு, அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றான்.

அந்த நேரத்தில், ரொம்பநேரம் நிறுத்தி வைத்த கடுப்பிலோ என்னவோ, முன்னால் நின்ற வைக்கோல் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். சாதாரண ஹாரன் இல்லை, காசு செலவழித்துப் பூட்டுகிற ராக ஹாரன். அதற்குப் பின்னால் நின்ற சிமெண்ட் லாரி பதில் கொடுத்தது. எதிர்ப்பக்கம் நின்ற பஸ் சேர்ந்துகொண்டது. விஷயம் புரிந்தோ புரியாமலோ, வரிசை கட்டி நின்ற அத்தனை வண்டிகளும், மேற்கே கருப்பசாமி வளைவு வரைக்கும், விட்டுவிட்டு முழக்கின. எந்தக் கல்யாணத்திலும் அப்படி ஒரு மேளம் கொட்டினதில்லை. தவசி ஒருகணம் காதைக் கொடுத்துக் கேட்டான். குத்துவிளக்கைச் சரியாகச் சாய்த்துக்கொண்டு நடந்தான்.

தெய்வக்கனி சங்கிலியை அவிழ்த்து ஒதுங்கி நின்றாள். வண்டிகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் சீரை இறக்கிவைத்துவிட்டு மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். மலையாண்டி எல்லாரையும் விரட்டித்தான் கூட்டிப்போனார். அக்காளும் தம்பியும் மட்டும் நின்றார்கள். சாமான் எல்லாம் வைத்தாயிற்று. தவசி திரும்பிப்போகிறவன் மாதிரி செருப்பைத் தேய்த்தான்.

"ஏண்டா," என்றாள் தெய்வக்கனி. "என் தலையிலயும் நின்னுச்சாமே. போயிருச்சா?"

தவசி நிமிர்ந்து பார்த்தான். அவள் தலைக்கு மேலே அவன் அடித்த தகரக் கூரையைத் தவிர ஒன்றும் இல்லை.

"இல்லக்கா, நிக்குது," என்றான். "என்ன வேணும்னு சொல்லு."

அவள் தன் மத்தியானச் சோற்று டிபன் கேரியரை எடுத்தாள். மூடியைத் திறந்து அவன் பக்கம் வைத்தாள்.

"கை நனைச்சுட்டுப் போடா."

தவசி செருப்பைக் கழற்றிவிட்டு, குடத்துத் தண்ணீரை மோந்து கையைக் கழுவினான்.